உப்புத் துகள் எனக் கண்டது

விழுப்புரத்தில் கடல் ஏது என்று வாசகர்கள் வினவலாம். எங்கள் வீட்டு முன்னறையில், மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் ஏறத்தாழ 190 லிட்டர் கடல் இருக்கிறது. வெளிநாட்டுப் பணியை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய என் மைத்துனர், தம் அக்காள் மகளுக்கு அன்பளிப்பாக அளித்தது அது. அதில் இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், சில நத்தைகள். கோமாளி மீன் கடலிலிருந்து பிடித்து வந்தால்தான் உண்டு என்பதில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் இம்மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள்.

நான் வரலாறு படித்த பட்டதாரி. திண்டிவனத்தில் ஒரு மதரஸாவில் ஆசிரியன். நாள்தோறும் போய்வருகிறேன். இரவில் இஷாத் தொழுகைக்குப் பின் மகளுடன் தொட்டியின் முன் அமர்வதே எனக்கு ஓய்வு. அந்த ஓய்வை நானே கெடுத்துக்கொண்ட கதைதான் இது.

சென்னைக்குச் சென்றிருந்தபோது நீல நிற டேம்செல் மீன் ஒன்றை வாங்கி வந்தேன். “புதிய மீனைச் சில வாரம் தனியே வைத்துப் பாருங்கள் மச்சான்” என்று மைத்துனர் முன்பே சொல்லியிருந்தார். பயணக் களைப்பு ஒருபுறம், மகளின் ஆவல் ஒருபுறம். அன்றிரவே அதைத் தொட்டியில் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள், கோமாளி மீன்களின் துடுப்பில் உப்புத் துகள் தூவியதுபோல் வெண்புள்ளிகள். பக்கத்து வீட்டுப் பெரியவர், “ஒரு பிடி கல்லுப்புப் போடுங்கள், சரியாகிவிடும்” என்றார். நன்னீர் மீன்களுக்கு அது பழகிய வைத்தியம்தான். நன்னீரில் வரும் வெண்புள்ளி நோய்க்குக் காரணமான உயிரி வேறு. உப்பு அதற்கு ஆகாது. கடல்நீரில் வாழும் உயிரிக்கு உப்பைக் காட்டி மிரட்டுவது எப்படி? பெரியவரிடம் இதை விளக்க எனக்கு அப்போது தெரியவுமில்லை.

நல்லவேளையாக, இரண்டொரு நாளில் புள்ளிகள் தாமே மறைந்தன. “குணமாகிவிட்டது” என்று மகளிடம் அறிவித்தேன். மதரஸாவில் உடன் பணிபுரிவோரிடமும் மகிழ்ச்சியோடு சொன்னேன். ஒரு வாரம் கழிந்தது. புள்ளிகள் திரும்பின, இம்முறை எண்ணி முடியாத அளவில். மீன்கள் இரையைத் தொடவில்லை. நீர்மட்டத்துக்கு வந்து, செவுள்கள் விரைந்து துடிக்க மூச்சுக்குத் தவித்தன. ஒரு நாள் சுபுஹு வேளையில் பெரிய கோமாளி மீன் அடிமணலில் கிடந்தது.

“நீங்கள்தானே அத்தா குணமாகிவிட்டது என்றீர்கள்?” என்றாள் மகள்.

அதன் பிறகே படிக்கத் தொடங்கினேன். இந்த ஒட்டுண்ணியின் பெயர் கிரிப்டோகாரியோன் இரிட்டன்ஸ். 1951இல் பிரவுன் என்னும் ஆய்வாளர் இட்ட பெயர் இது. முதற்சொல்லுக்கு ‘மறைந்த உட்கரு’ என்று பொருள். மறைவதே இதன் தொழில். மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து மூன்று முதல் ஏழு நாட்கள் வரை உண்டு கொழுக்கும்; தோலின் காப்பு இருப்பதால் மருந்து அதை எட்டாது. பிறகு பெரும்பாலும் இருள் வேளையில் மீனை விட்டிறங்கி, மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். நாம் குணம் என்று கொண்டாடுவது இந்த இடைவேளையைத்தான். கூட்டுக்குள் ஒன்று பலவாகப் பிரிந்து, ஏறத்தாழ 200 குஞ்சுகள் வரை நீரில் வெளிவரும். ஓரிரு நாளுக்குள் மீன் அகப்படாவிட்டால் அவை மடியும். நான்கு சுவருக்குள் அகப்பட்ட மீன் எங்கே தப்பும்? கூண்டுகளில் கொடுவா மீன் வளர்ப்போரும் அஞ்சும் நோய் இது.

நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களோடு கொண்டுபோய்ச் சேர்க்கலாகாது என்னும் கருத்துள்ள நபிமொழியை, அந்த மாதத்தில்தான் பிள்ளைகளுக்கு விளக்கியிருந்தேன். அக்காலத்தில் வெனிஸ் நகரத்தார் கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கப்பல்களை 40 நாட்கள் ஒதுக்கி நிறுத்தியதையும், குவாரன்டைன் என்னும் சொல் அதிலிருந்து பிறந்ததையும், 2020இல் நாமெல்லாம் வீட்டுக்குள் அடைபட்டதையும் சேர்த்தே சொன்னேன். வகுப்பில் நன்றாகத்தான் பேசினேன்.

வைத்தியத்துக்கு இரண்டு வழிகள் முன்னே இருந்தன. ஒன்று செம்பு மருந்து. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற அளவில் இரண்டு வாரங்களுக்கு மேல் நிலைநிறுத்த வேண்டும். குறைந்தால் பயனில்லை; மிகுந்தால் மீனுக்கே நஞ்சு. இறாலும் நத்தையும் அதில் பிழைக்கமாட்டா என்பதால், தொட்டியில் நேரடியாக ஊற்றுவது கூடவே கூடாது. மற்றொன்று நீரின் உப்பைக் குறைப்பது. ஆயிரத்துக்கு 35 பங்கான கடலுப்பை 15 பங்குக்குக் கொணர்ந்தால் மீன் தாங்கும். ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை தாங்கா. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

என் மாணவன் ஒருவனின் தந்தை மரக்காணத்தில் உப்பளத் தொழில் செய்பவர். செய்தியைக் கேட்டுச் சிரித்தார். “நாங்கள் உப்பை ஏற்றப் பாடுபடுகிறோம், நீங்கள் இறக்கப் பாடுபடுகிறீர்களா ஹஜ்ரத்? எதைச் செய்தாலும் கருவி வைத்து அளந்து செய்யுங்கள். நாக்கை நம்பாதீர்கள்” என்றார். மருந்துச் சீட்டைவிட அந்தச் சொல் பயன்பட்டது. உப்பளவு காட்டும் கருவி ஒன்றை வாங்கினேன்.

மணல் இல்லாத பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் எஞ்சிய கோமாளி மீனையும் டேம்செல்லையும் விட்டோம். ஒளிந்துகொள்ள இரண்டு குழாய்த் துண்டுகள், காற்று தர ஒரு சிறு மோட்டார். இரண்டு நாட்களில் உப்பைப் படிப்படியாக இறக்கி, நான்கு வாரம் அப்படியே வைத்திருந்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் நீரை மாற்றியது பெரும்பாலும் என் மனைவிதான். இதில் எனக்குப் பாராட்டு எதுவும் சேராது. பிறகு பல நாட்களில் மெல்ல உப்பை ஏற்றினோம். இறக்குவதைக் காட்டிலும் ஏற்றுவதற்கே பொறுமை வேண்டும்.

பெரிய தொட்டியோ மீனின்றிக் கிடந்தது. கூட்டுக்குள் உறங்கும் கடைசி ஒட்டுண்ணியும் வெளிவந்து பட்டினியால் மடிய 76 நாட்கள் காத்திருப்பது மீன் வளர்ப்போர் பலர் கைக்கொள்ளும் கணக்கு. இறாலையும் நத்தையையும் அது தொடுவதில்லையாகையால் அவை அங்கேயே இருந்தன. “மீன் எங்கே?” என்று கேட்ட விருந்தினருக்கெல்லாம் மகளே விடை சொன்னாள். நாட்காட்டியில் நாளுக்கு ஒரு கோடு கிழித்து வந்தாள்.

இரண்டு மீன்களும் பிழைத்தன. கோமாளி மீன் இணையில் பெரியது பெண். அது இறந்தால் ஆணே பெண்ணாக மாறும். எஞ்சிய எங்கள் மீன் இப்போது பெருத்து வருகிறது. அதற்குத் துணையாக ஒரு சிறிய கோமாளி மீனை வாங்கி வந்திருக்கிறோம். அது கூடத்து மூலையில், பிளாஸ்டிக் தொட்டியில் தனியே இருக்கிறது. உடலில் ஒரு புள்ளியும் இல்லை. “இன்றே பெரிய தொட்டியில் விட்டுவிடலாமா?” என்று நேற்று இரவு நான்தான் கேட்டேன். மகள் நாட்காட்டியைக் காட்டினாள். பத்தொன்பது கோடுகள்.