வெள்ளைக்கு அடியில் பலா

கொழும்பின் பழைய வீடுகளில் பலகை அடித்த சுவரும் சீலிங்கும் இன்னும் மிச்சமிருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் முன்கூடச் சுவரில் நெஞ்சளவு உயரத்துக்கு ஏறிய பலகை, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் நிலைக்கு மேல் துளைவேலை செய்த மரத்தட்டி. பெரும்பாலும் பலா, தேக்கு, மகோகனி. வசதி படைத்தவர் வீட்டில் முதிரையும் உண்டு. பல தடவை பொலிஷ் ஏறியும் வயதாகியும் இவை கறுத்துவிட்டன. பக்கத்துக் காணிகளில் தொடர்மாடிகள் எழும்பி வெளிச்சத்தை மறைத்துவிட, இந்த வீடுகளின் அறைகளில் பட்டப்பகலிலும் லைட் போடவேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் வெள்ளைப் பெயின்ட் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட மரத்தைப் பெயின்டால் மூடுவதா என்று தயங்கும் தச்சர்களின் மனக்குறை நியாயமானது. நல்ல முதிரையும் துளைவேலையும் மூடப்படாமல் இருப்பதே நல்லது. ஆனால் கறை பிடித்து, ஆணி ஏறி, இடையிடையே வேறு மரம் செருகித் திருத்திய பலகைக்குப் பெயின்ட் ஒரு மறுவாழ்வு.

வேலை தட்டிப் பார்ப்பதில் தொடங்குகிறது. விரல் மூட்டால் தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்டால் உள்ளே கறையான் இருக்கலாம். அந்தப் பலகையை மாற்றாமல் மேலே போவதில் பயனில்லை. அடுத்தது, பழைய பூச்சு எது என்று அறிவது. ஸ்பிரிட் நனைத்த துணியால் தேய்க்க, அரக்குப் பொலிஷ் என்றால் பிசுபிசுக்கும். எண்ணெய் வார்னிஷ் அசையாது. மெழுகு பூசியிருந்தால் டர்பன்டைனால் துடைத்தெடுக்கவேண்டும். சாமி அறைப் பலகையில் விளக்குக் கரியும் சாம்பிராணிப் புகையும் எண்ணெயோடு சேர்ந்து படிந்திருக்கும். சலவைச் சோடா கரைத்த நீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, ஈரம் போகக் காயவிடவேண்டும். கடலோர வீட்டில் இந்த அலசல் காற்று கொண்டுவந்த உப்பையும் நீக்குகிறது.

பிறகு சாண்ட்பேப்பர். 120 இலக்கத்தில் தொடங்கி 180 இல் முடித்தால் போதும். மினுக்கம் போய் மேற்பரப்பு மங்கவேண்டும், அவ்வளவே. பிளைவுட் பலகை என்றால் மேல்தோல் ஒரு மில்லிமீற்றர்கூட இராது, ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் கிழிந்துவிடும். ஏற்கெனவே பெயின்ட் ஏறிய பலகையில் இன்னொரு அபாயம் இருக்கிறது. இலங்கையில் எனாமல் பெயின்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 600 பங்குக்கு மேற்படக்கூடாது என்ற கட்டாயம் 2013 ஜனவரி 1 முதல்தான் வந்தது. அதற்கு முந்திய படைகளை உலரத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும், குழந்தைகளை அறைக்கு வெளியே வைப்பதும், வேலையாளுக்குத் தூசி வடிக்கும் முகக்கவசம் கொடுப்பதும் வீட்டுக்காரரின் கடமை. முகத்தில் கைலேஞ்சி கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தேய்ப்பவர்களை இந்நகரில் எங்கும் காணலாம். நுண்ணிய ஈயத்தூளை அந்தத் துணி தடுக்காது.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது பிரைமர். பிக்குமாரின் சீவரத்துக்கு மஞ்சள் ஏற்றப் பலா வைரத்தைச் சீவி நீரில் காய்ச்சிச் சாயம் எடுப்பது இந்நாட்டு வழக்கம். நீரில் அப்படி இறங்கும் நிறப்பொருள், தண்ணீரில் கரைத்த பிரைமரின் ஈரத்துக்கும் இறங்கும். வெள்ளை அடித்துச் சில நாளில் மஞ்சள் பட்டையாக மேலே வரும். இன்னும் இரண்டு கோட் அடித்தாலும் மறுபடி வரும். மகோகனி செம்பழுப்பாகக் கசியும். தேக்கின் சிக்கல் வேறு: அதிலுள்ள எண்ணெய்ப் பசை, எண்ணெய்ப் பெயின்ட் உலர்வதையே தாமதப்படுத்தும். ஆகவே தேக்கைத் தின்னரால் துடைத்து, அது ஆவியான கையோடு பிரைமர் போடுவார்கள். கறையை அடக்க எண்ணெய்ப் பிரைமரோ மெழுகு நீக்கிய அரக்குப் பூச்சோ வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள வன்மரங்களுக்கு அலுமினியத் தூள் கலந்த வுட் பிரைமர் பழகிய மருந்து. முழு அறைக்கும் முன்னால் கதவுக்குப் பின்புறம் ஒரு முழ அகலத்தில் பூசி, சில நாள் விட்டுப் பார்ப்பவரே தேர்ந்த பாஸ்.

பிரைமர் கண்ணுக்குத் தெரியாத வேலை. அதுதான் அதற்குக் கேடு. சதுர அடிக் கணக்கில் கொந்தராத்துப் பேசினால், தேய்ப்புக்கும் காயவிடுவதற்கும் யாரும் காசு கொடுப்பதில்லை. மலையகத்திலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கும் வேலையாள் காத்திருக்கும் நாளில் சம்பளமில்லை என்றால், ஈரப் பிரைமர்மேல் பெயின்ட் ஏறுவதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆயத்த வேலைக்கு நாட்சம்பளமும் மேல்பூச்சுக்குக் கொந்தராத்தும் எனப் பிரித்துப் பேசும் வீடுகளில் வேலை நிலைத்து நிற்கிறது.

பிரைமர் காய்ந்த பிறகே ஓட்டைகளை நிரப்பவேண்டும். கடற்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்துப் பழுப்புக் கண்ணாகத் தெரியும். தலையை உள்ளே இறக்கி, ரெட் ஒக்சைட் தொட்டு, மேலே புட்டி வைக்கவேண்டும். பலகை ஒன்றோடொன்று கவ்வும் பள்ளங்களைப் புட்டியால் அடைப்பது தவறு. மரம் மழையில் ஊதும், தை மாசி வெயிலில் சுருங்கும்; புட்டி வெடித்துவிடும். சுருங்கும்போது பள்ளத்துக்குள் பழுப்புக் கோடு தெரியாதிருக்க, முதலில் பிரஷால் பள்ளங்களுக்குள் ஆழப் பூசி, அதன்பின் பரப்பில் ரோலர் ஓட்டுவது முறை.

மேல்பூச்சாக வெள்ளை எனாமலைத் தெரிவுசெய்தால், வெளிச்சம் குறைந்த அறையில் அது காலப்போக்கில் மஞ்சளாகும். எண்ணெய்ப் பிரைமர் நன்கு உலர்ந்தபின் நீரில் கரையும் மேல்பூச்சு இரண்டு மெல்லிய கோட்டாக அடிப்பது நெடுநாள் வெண்மை தரும். கொழும்பில் ஒக்டோபரும் நவம்பரும் அதிக மழை பெய்யும் மாதங்கள். நத்தாருக்கு முன் வீட்டைப் புதுக்கக் கொட்டாஞ்சேனை அவசரப்படுவதும் அதையடுத்தே. தைப்பொங்கல் கழிந்து தொடங்கினால் பலகை உலர்ந்திருக்கும். எப்போது அடித்தாலும், டின்னில் எழுதிய நேரத்தை நம்பாமல் நகத்தால் கீறிப் பார்த்தபின்பே அடுத்த கோட். கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாது என்றாலும் இறுக இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை அலுமாரியைப் பலகையோடு சாய்த்து வைக்கக்கூடாது.