பத்துக் கவடு

2025 ஆகஸ்ட் 2, சனி
பின்வளவில் ஒரு அறை கட்ட இன்று அத்திவாரக் கயிறு பிடித்தாயிற்று. மேசன் அண்ணை அலவாங்கை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "சேர், இதுக்குள்ள பங்கர் கிங்கர் இருந்ததோ?"

இருந்தது. 90இல், யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நேரம், அப்பா வெட்டியது. 'ட' வடிவம், மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. 96இல் இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்து மூடினோம். எந்த இடம் என்று அம்மாவைக் கேட்டேன். "மாமரத்தில இருந்து கிணத்தடிப் பக்கம் பத்துக் கவடு." மரம் தறித்த அடிக்கட்டையிலிருந்து பத்துக் கவடு அளந்து வெட்டினோம். அசையாத செம்மண். பங்கர் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
ஏ.எல். பிள்ளைகளுக்கு ஈர்ப்புப் பாடம். பங்கரைச் சொல்லி, பேர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். 2022இல் 'நேச்சர்' இதழில் வந்த வேலை: நிலத்துக்குக் கீழே, இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் சுரங்கவழி ஒன்றை, மண்ணைக் கிண்டாமலே அறிந்தார்கள். ரூபிடியம் அணுக்களை லேசரால் குளிராக்கி, ஒரு மீற்றர் இடைவெளியில் மேலும் கீழுமாக இரண்டு திரள்களை விழ விடுவது. அந்தக் குளிரில் அணு அலைபோல நடக்கும். லேசரால் அந்த அலையைப் பிரித்துத் திரும்பச் சேர்க்க, அது விழுந்த ஆர்முடுகல் தெரியவரும். கீழே வெறுமை என்றால் இழுவை கொஞ்சம் குறையும்.

"ரோட்டில லொறி போனா ஆடாதோ சேர்?" பின்வாங்கிலிருந்து கேள்வி. நல்ல கேள்வி. லொறி இரண்டு திரளையும் ஒரேமாதிரி ஆட்டும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் லொறி போய்விடும், சுரங்கம் மிஞ்சும்.

ஆகஸ்ட் 4, திங்கள்
செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் இன்று நிலத்தை ஊடுருவும் றேடார் ஓடுகிறது. பெப்ரவரியில் கட்டட வேலைக்கு வெட்டியபோது மனித எலும்பு வந்த இடம். மே மாதத்திலிருந்து அகழ்வு. றேடார் அலையை ஈரமும் உப்பும் விழுங்கிவிடும். ஈர்ப்பை எந்த மண்ணும் விழுங்காது. ஆனாலும் அணுக்கருவி அங்கே உதவாது. ஒரு மனிதரின் எலும்பு அதன் கணக்கில் மண்ணோடு மண்தான்.

இரவு அம்மா செய்தியை நிற்பாட்டச் சொன்னா. நிற்பாட்டினேன்.

ஆகஸ்ட் 6, புதன்
பேப்பரில் கணக்குப் பார்த்தேன். இரண்டு மீற்றர் ஆழத்தில், பேர்மிங்காம் சுரங்கம் அளவு வெறுமை, ஈர்ப்பில் குறைப்பது கோடியில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் பங்கரோ நிரப்பியது. இறுகாத மண்ணுக்கும் இறுகிய மண்ணுக்கும் உள்ள சின்ன வித்தியாசம்தான் மிச்சம். அதோடு இது சுண்ணக்கல் நாடு. மழைநீர் கரைத்த பொந்துகள் கீழே. நிலாவரையும் கீரிமலையும் அதற்குச் சாட்சி. அந்தக் கருவி இங்கே வந்தால், அப்பா வெட்டியதைவிட மழை வெட்டியதுதான் முதலில் அகப்படும்.

ஆகஸ்ட் 9, சனி
மேசன் அண்ணை காலையிலிருந்து அடிக்கு ஒரு தடவை அலவாங்கால் குத்திக்கொண்டே போனார். ணங், ணங், ணங். அடிக்கட்டையிலிருந்து பதினேழாவது கவட்டில் சத்தம் மாறியது: பொத். அரை அலவாங்கு உள்ளே போய்விட்டது. கிண்டினோம். உக்கிய பனங்குற்றித் துண்டு ஒன்று, கறுத்த நார்.

அம்மா கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்து பார்த்தா.

"பத்துக் கவடு எண்டியளே அம்மா, இது பதினேழு."

"பொம்மர் வரேக்க ஆர் தம்பி நடந்தது? அது ஓடின கவடு."

மேசன் அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்து, அறையை வேலிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்தார்.