பொத்தேரியிலிருந்து கடல்வரை

பொத்தேரி நிலையத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் வந்து நின்றதும் பாதிப் பெட்டி காலியாகிவிடும். இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள், அதிலும் பலர் வெளிமாநிலப் பிள்ளைகள். நாலு வருடப் படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது அவர்கள் மாமல்லபுரம் போய்விடுகிறார்கள். வண்டி பிடித்துப் போய், கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், உருண்டைப் பாறை முன்னால் ஒரு படம் என்று முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். ரயிலும் சாலையுமாக இடையில் கிடக்கும் சுமார் 45 கிலோமீட்டரில் ஆயிரத்து நானூறு வருடச் சரித்திரம் இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வெளியூர்ப் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் வல்லம் குடைவரைக்குள் நின்றிருப்பார்கள்?

இந்த வழியை ஒரே நாளில் போய்ப் பார்க்கலாம். பொத்தேரியிலிருந்து ஐந்தாவது நிலையம் செங்கல்பட்டு. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பஸ் உண்டு. ரயிலில் காட்டாங்கொளத்தூர் தாண்டி மறைமலை நகர். பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய தொழிற்பேட்டை ஊர். அடுத்த நிலையமான சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ஊர்ப்பெயரே கோயிலிலிருந்து வந்தது. பாடலாத்திரி நரசிம்மர் வீற்றிருப்பது பாறையைக் குடைந்த கருவறையில். அதனால் பெருமாளைச் சுற்ற வேண்டுமானால் குன்றையே சுற்ற வேண்டும். இங்கே பக்தி தவறாமல் நடக்கிறது, ஆகவே கோயிலைப் பற்றிக் கவலையில்லை.

பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி. ஏரியோரமாக ரயில் செங்கல்பட்டுக்குள் நுழையும்போது பலருக்கும் தெரியாத ஒன்றைக் கடந்து போகிறது: கோட்டை. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர அரசின் கீழ் எழுந்த கோட்டை இது. ஏரியும் சதுப்பும்தான் அதற்கு இயற்கை அரண். 1752இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கிளைவ் இதைப் பிடித்தார். பிறகு கோட்டை நிலத்துக்குள்ளேயே அரசு அலுவலகங்கள் வந்தன, ரயில் பாதையும் ஊடறுத்துப் போனது. மிச்சமிருக்கும் சுவர்த்துண்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு தனி மாவட்டத்தின் தலைநகரம். ஒரு காலத்தில் சென்னையைச் சூழ்ந்து கிடந்த பெரிய மாவட்டத்துக்கே பெயர் கொடுத்த ஊர். தன் பெயரைத் திரும்பப் பெற்ற ஊர், தன் கோட்டை எது என்று வருகிறவர்களுக்கு ஒரு பலகை வைத்தாவது சொல்ல வேண்டாமா?

பஸ்ஸில் ஏறினால் சில நிமிடங்களில் வல்லம் வந்துவிடும். இங்கே கட்டாயம் இறங்க வேண்டும். சிறு குன்று, படிகள், பாறையில் குடைந்த சிவன் கோயில். குன்றில் மொத்தம் மூன்று குடைவரைகள். பெரியது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ஆட்சியில் குடைந்தது. அதன் தூணில் இருக்கும் கல்வெட்டு தமிழில், தமிழ் எழுத்தில் இருக்கிறது. பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று மகேந்திரனின் பட்டப்பெயர்களை அடுக்கிவிட்டு, அவனுக்கு அடியவனான வயந்தப்பிரி அரைசரின் மகன் கந்தசேனன் செய்வித்த கோயில் இது என்கிறது. பல்லவர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றில் இது ஒன்று. இதைச் செய்வித்தவன் பேரரசன் அல்ல, பேரரசனுக்குக் கீழிருந்த ஒரு சிற்றரசனின் மகன். தன் ஊர்க் குன்றில், தன் ஊரார் பேசும் மொழியில் எழுதி வைத்துவிட்டுப் போனான். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்த்து வியக்கிறவர்கள் அதற்கு முந்திய படியான இதைப் பார்க்காமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

வாயிற்காவலர் இருவரையும் நின்று பாருங்கள். ஒருவர் தலையில் கொம்பு முளைத்தது போலிருக்கும். மற்றவரின் மகுடத்தில் மழுவின் வாய் தெரியும். சிவனின் சூலமும் மழுவும்தான் ஆளுருக்கொண்டு வாசலில் நிற்கின்றன என்பது ஆய்வாளர் சிலரின் விளக்கம். இதை விளக்கிச் சொல்ல ஊரிலேயே நாலு பிள்ளைகள் பழகியிருந்தால் எப்படி இருக்கும்!

வல்லம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010இல் வந்த திருத்தமும் இப்படிப்பட்ட இடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை விதிக்கின்றன. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் போதுமான அளவுக்குக் கடுமையானதுதான். ஆனால் தமிழ்நாட்டுப் பழங்கோயில்கள் பலவற்றுக்கு ஊறு செய்தவர்கள் பகைவர்கள் இல்லை, பக்தர்கள். சுவரில் வழவழப்பான டைல்ஸ் பதித்தார்கள், கல்வெட்டின் மேல் எண்ணெய்ச் சாயம் பூசினார்கள், பளிச்சென்று இருக்கட்டும் என்று மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்தைத் தேய்த்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான் எல்லாம். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்திருந்தால் அதன்மேல் சாயம் பூச ஒருவருக்கும் கை வந்திருக்காது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பழஞ்சின்னங்களையும் கோயில்களையும் காக்க 75 வழிகாட்டுதல்கள் பிறப்பித்தது. அவற்றைவிட விரைவாகப் பலன் தரக்கூடியது அந்தந்த ஊர்ப் பள்ளியில் அந்தந்த ஊர்க் கல்வெட்டைச் சொல்லிக்கொடுப்பது.

திருக்கழுக்குன்றம் தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். உச்சியில் வேதகிரீசுவரர், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர், ஊர்நடுவில் சங்கு தீர்த்தம். 12 ஆண்டுக்கு ஒருமுறை குளத்தில் சங்கு பிறக்கும் என்று ஊரே காத்திருக்கும். இந்தக் குன்றுக்குப் பேர் வாங்கித் தந்தவை இரண்டு பறவைகள். நண்பகலில் அர்ச்சகர் பொங்கலோடு பாறையில் உட்கார்ந்திருக்க, மஞ்சள்முகப் பாறுகள் இரண்டு வந்து உண்டுவிட்டுப் பறக்கும். காசியில் குளித்து, இங்கே உண்டு, ராமேசுவரம் போகின்றன என்பது ஜனங்களின் நம்பிக்கை. 1990களின் கடைசியில் அவை வருவது நின்றுபோனது. நாடெங்கும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்த காலமும் அதுதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே கழுகுகளைக் கொல்கிறது என்பது பிறகு தெரிந்தது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். இந்தக் குன்றுக்கு வந்த இரண்டும் எதனால் நின்றன என்று என்னால் அறுதியிட முடியாது. ஆனால் கோயில், படி, அர்ச்சகர், பொங்கல் எல்லாம் இருந்தும் ஒரு மரபு அறுந்துபோகலாம் என்பதற்கு அந்த வெறும் பாறை சாட்சி.

மலையில் ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் குடைவரை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் அதன் கல்லில் தங்கள் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழையது என்பதால் இன்று அதையும் பாதுகாக்கிறோம். அதைக் காட்டி இன்றைக்கு ஒருவர் சாவியால் தன் பெயரைக் கீறினால் அது குற்றம்தான்.

இந்த ஊரில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது ஒரு கல்வெட்டு. ராசகேசரி என்ற பட்டம் பூண்ட சோழனின் 27ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. அவன் முதலாம் ஆதித்தன் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள், ஆகவே 9ஆம் நூற்றாண்டின் கடைசி. செய்தி இதுதான்: முன்னொரு காலத்தில் கந்தசிஷ்யன் என்ற பல்லவன் இந்த ஊர்க் கோயிலுக்கு நிலம் விட்டிருந்தான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதை அப்படியே காத்தான். இப்போது ஆந்துரையைச் சேர்ந்த குணவான் மகன் புத்தன் என்பவன் விண்ணப்பம் செய்ய, சோழனும் அதை முன்பிருந்தபடியே நிலைநிறுத்துகிறான். பல்லவர் ஆட்சியை முடித்துவைத்தவன் ஆதித்தன். தோற்ற குலத்தின் தர்மம் என்று அவன் அழித்திருக்கலாம், தன் பெயரில் புதிதாக எழுதிக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. மரபைக் காப்பதென்றால் இதுதான் என்பேன். புத்தனையும் மறக்கக் கூடாது. ஊர்க்காரன் ஒருவன் பழைய தர்மத்தை நினைவில் வைத்திருந்து, அரசன் காதில் போட்டதால்தான் அது பிழைத்தது.

அங்கிருந்து கிழக்கே பூஞ்சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலை குறுக்கிடும் இடத்துக்குப் பக்கத்தில், ஊரார் நொண்டி வீரப்பன் குதிரைத்தொட்டி என்று சொல்லும் பாறைகளில் முற்றுப்பெறாத பல்லவர் வேலை கிடக்கிறது.

மாமல்லபுரத்தை நான் புதிதாக வருணிக்கத் தேவையில்லை. 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர். பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலை உப்புக்காற்று நாளும் அரிக்கிறது. தடுப்பாகக் கருங்கல்லைக் கொட்டினார்கள், சவுக்கு நட்டார்கள். காகிதக்கூழை ஈரத்தோடு கல்லில் அப்பி, காய்ந்ததும் உரித்து, உறிஞ்சிய உப்பை வெளியேற்றுகிறார்கள். பொறுமையும் செலவும் பிடிக்கும் இந்த வேலை முடிவே இல்லாதது. 2004 சுனாமி வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்தபோது பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைப் பின்தொடர்ந்து தோண்டிய தொல்லியல் துறைக்கு ஒரு முருகன் கோயில் கிடைத்தது. மேலே பல்லவர் காலக் கருங்கல், அடியில் அதற்கும் முந்திய செங்கல். 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும் தெருவுக்குத் தெரு உளிச்சத்தமும் சேர்ந்து, இங்கே கல் வேலையை இன்றும் சோறு போடும் தொழிலாக வைத்திருக்கின்றன.

இத்தனை இருந்தும் இந்தக் கடற்கரையின் மிகப் பழைய உரிமைக்காரர்களை எந்தச் சுற்றுலா வரைபடமும் காட்டுவதில்லை. மாசி மகத்துக்கு இருளர் மக்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே வந்து சேர்கிறார்கள். குச்சி நட்டு, புடவை கட்டி, மணலில் குடில் போட்டு இரவு தங்குகிறார்கள். விடியலில் மணலில் படி அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பது, கல்யாணம், மொட்டை, காதுகுத்து எல்லாம் அங்கேயே நடக்கும். அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கடற்கரையை யார் எவ்வளவு வளைத்தாலும், அந்த மணல் அந்த நாட்களில் அவர்களுக்கு முன்பிருந்தபடியே கிடைக்க வேண்டும். குடிநீர், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை ஆகிய மூன்றையும் அவர்கள் மனுக் கொடுத்துக் கேட்கும்படி வைக்காமல், ஒவ்வொரு மாசியிலும் மாவட்ட நிர்வாகமே முன்கூட்டிச் செய்து வைக்க வேண்டும்.