உறைந்த ஏரியில் உயிர் இரை

உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கும் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள், பனிக்கட்டியைக் குடையும் கருவியையும், மீன் நிற்கும் ஆழத்தைக் காட்டும் மின்யந்திரத்தையும், பிடிபட்ட மீனின் நிறையையுமே பெரும்பாலும் சிலாகித்துப் பேசுகிறார்கள். தூண்டில் முள்ளின் நுனியில் உயிரோடு துள்ள வேண்டிய இரண்டங்குலப் பொடிமீனைக் குட்டையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து ஏரிக்கும் கொண்டு சேர்த்து, அங்கே அந்தி சாயும்வரை வாடாமல் காப்பாற்றும் மனிதர்களுடைய சிரத்தை எளிதில் எவர் கண்ணிலும் படுவதில்லை. அந்தச் சிரத்தையை நேரில் கண்டறிய வேண்டும் என்னும் ஆவலினாலேயே, கனடாவின் எல்லையை ஒட்டிய மினசோட்டா மாநிலத்திலுள்ள மில் லாக்ஸ் ஏரிக்கு ஒரு தை மாதத்தில் நான் பிரயாணமானேன்.

மினியாபொலிஸ் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 100 மைல் தூரத்தில் இருக்கிறது அந்த ஏரி. அதன் பரப்பு சுமார் 1,32,000 ஏக்கர். அவ்வளவு விசாலமாக இருந்தும் அதன் மிக ஆழமான இடம் 42 அடிதான். குளிர்காலத்தில் அது உறைந்து இறுகியபின், அதன்மேல் மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. மரத்தாலும் தகரத்தாலும் ஆன சிறு குடில்கள் வரிசை வரிசையாக எழுகின்றன. தண்ணீரின்மேல் ஓர் ஊரே குடியேறிவிடுகிறது. ஒருவர் நடந்து செல்வதற்கே குறைந்தது 4 அங்குல கனமுள்ள தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்று அம்மாநிலத்து இயற்கை வளத் துறையார் எச்சரிக்கிறார்கள். நான் சென்ற சமயத்தில் அது இரண்டடிக்குச் சற்றே குறைந்த கனத்தோடு இருந்தது. எல்லோரும் நாடி வருவது வால்ஐ என்னும் மீனை. மங்கிய ஒளியிலும் நன்றாகப் பார்க்கவல்ல அந்த மீனை, 1965-ஆம் ஆண்டில் மினசோட்டா தன் மாநில மீனாகவே ஏற்றுக்கொண்டது. நீர் குளிர்ந்த காலத்தில் அது சோம்பிக் கிடக்கும். சோம்பிக் கிடப்பதை எழுப்புவதற்கு உயிருள்ள இரையின் அசைவைப்போல வேறொன்றும் உதவாது என்பது அங்குள்ளோர் பரம்பரையாகக் கண்டறிந்த உண்மை.

ஏரிக்கரையில் இரை விற்கும் கடையொன்றை நடத்திவரும் அம்மையார் ஒருவர், பொழுது புலருமுன்பே வந்துவிடும்படி என்னை அழைத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் காதில் விழுந்தது, ஓயாது பெய்யும் நீரின் ஓசை. கடையின் பின்கட்டில் இடுப்பளவு உயரமான தொட்டிகள் நிரைநிரையாக இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் துளையிட்ட குழாயிலிருந்து கிணற்றுநீர் மழையாகச் சொரிந்துகொண்டிருந்தது. பூமிக்கடியிலிருந்து வரும் நீரில் பிராணவாயு மிகச் சொற்பமாகவே இருப்பதால், அதைக் காற்றில் சிதறவிட்டு மூச்சூட்டிய பின்னரே தொட்டிக்குள் விழச் செய்கிறார்கள். நகராட்சிக் குழாய்நீரை அப்படியே ஊற்றினால், கிருமியைக் கொல்லக் கலந்த குளோரின் மீனின் செவுளையும் அரித்துவிடும். துத்தநாகம் பூசிய தொட்டியும் செம்புக் குழாயும் அங்கே மருந்துக்குக்கூட இல்லை. அவ்வுலோகங்கள் அணுவளவாக நீரில் கரைந்தாலும் பொடிமீனுக்கு விஷமாகும் என்று அவர் விளக்கினார்.

தொட்டிக்குத் தொட்டி வாசம் செய்யும் மீனும் வேறு. அதன் சுபாவமும் வேறு. ஃபாட்ஹெட் என்பது மொத்தையான தலையுடைய, எதையும் தாங்கும் மீன். எமரால்டு ஷைனர் வெள்ளித் தகடாக மின்னும். வால்ஐ அதை விரும்பித் தின்னும். ஆனால் கை பட்டால் செதில் உதிர்ந்து, நீர் சிறிது வெப்பமடைந்தாலும் மடிந்துபோகும். பெரிய பைக் மீனுக்கு இரையாகும் சக்கர் என்பது ஒரு சாண் வரை நீளும். அதை எண்ணி விற்கிறார்கள். இவையனைத்தும் அம்மாநிலத்துக்குள்ளேயே பிடிக்கப்பட்டவை அல்லது வளர்க்கப்பட்டவை. உயிருள்ள பொடிமீனை வெளியிலிருந்து இரைக்காகக் கொண்டுவருவதை மினசோட்டாச் சட்டம் தடுக்கிறது.

அம்மையாருடைய தமையனார் குட்டைகளில் பொறி வைத்து ஃபாட்ஹெட் பிடிப்பவர். நம் வாய்க்கால் மடைகளில் வைக்கும் பறியைப்போலவே, புகுந்த மீன் திரும்ப வழி காணாதபடி இரு முனையிலும் புனல்வாய் அமைத்த கம்பிக்கூடு அவருடைய பொறி. பனிக்கட்டியைக் கோடரியால் பிளந்து அதை இறக்கிவைத்து, மறுநாள் வந்து, இரவில் மீண்டும் உறைந்துபோன துளையை மறுபடியும் பிளந்து தூக்குவார். ஆழமில்லாத அக்குட்டைகளில் நிகழும் ஓர் இயற்கை விந்தையை அவர் எனக்கு எடுத்துரைத்தார். பனிக்கட்டியின்மேல் வெண்பனி கனமாகப் படிந்தால் சூரிய ஒளி உள்ளே செல்லாது. நீர்த்தாவரங்கள் பிராணவாயுவை உண்டாக்குவது நின்றுவிடும். அழுகும் இலைதழைகளோ எஞ்சியுள்ள வாயுவையும் உறிஞ்சிவிடும். அப்போது பெரிய மீன்களெல்லாம் மூச்சு முட்டி மாண்டுபோக, மிகச் சொற்பமான பிராணவாயுவிலும் ஜீவிக்கவல்ல ஃபாட்ஹெட் மட்டும் தப்பிப் பிழைத்து, தன்னை விழுங்குவாரற்ற நீரில் வசந்தகாலத்தில் ஏராளமாகப் பெருகுகிறது. பிற மீன்களை மாய்க்கும் இடுக்கணே அந்த இனத்துக்குக் காவலாகிறது என்பதைக் கேட்டபோது எனக்கு வியப்பு மேலிட்டது.

அம்மையார் அன்று எனக்குக் கற்பித்த பாடத்தின் சாரம் இதுதான்: குளிர்நாட்டில் இரையைக் கொல்வது குளிரென்று புதியவர்கள் நினைக்கிறார்கள், உண்மையில் கொல்வது வெப்பமும் திடீர் மாறுதலுமே. உறைநிலையை ஒட்டிய நன்னீர் ஒரு லிட்டரில் சுமார் 14.6 மில்லிகிராம் பிராணவாயு கரையக்கூடும். 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுமார் 9.1 மில்லிகிராம்தான் கரையும். மறுபுறம், மீனின் உடல் நீரின் சீதோஷ்ணத்தையே தன் சீதோஷ்ணமாகக் கொண்டதாதலால், வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதற்கு வேண்டிய பிராணவாயு ஏறக்குறைய இருமடங்காகிறது. வரவு குறையக் குறையச் செலவு பெருகும் இந்த விபரீத நிலையில் எந்த ஜீவன் பிழைக்கும்? இரக்கத்தினால் வாளியை வண்டியின் வெப்பக்காற்று வீசும் இடத்தில் வைத்துச் செல்கிறவர், ஏரிக்குப் போய்ச் சேர்கையில் மிதக்கும் பிணங்களையே காண்கிறார்.

ஆகையால் விற்கும்போதே அவர் மீனைப் பக்குவப்படுத்துகிறார். கிணற்றுநீர் 8 அல்லது 9 டிகிரியில் இருக்கும். ஏரித் துளையின் மேல்நீரோ உறைநிலையிலேயே இருக்கும். மறுநாள் விற்பனைக்கான மீன்களைத் தனித் தொட்டியில் விட்டு, குளோரின் கலவாத நீரில் உறையவைத்த பனிக்கட்டிகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இரவு முழுவதும் மெல்ல மெல்லக் குளிரவைக்கிறார். அதற்கு முந்திய நாள் அவற்றுக்கு உணவும் இடுவதில்லை; வெறும் வயிற்றோடு செல்லும் மீன் வாளிநீரைக் கழிவால் கெடுக்காது. வாங்குவோர் வந்ததும் மென்மையான வலைக்கரண்டியால் அள்ளி, பாலிதீன் பையில் சிறிதளவு நீரோடு விட்டு, மீதியிடத்தில் உருளையிலிருந்து பிராணவாயுவை நிரப்பி, ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டித் தருகிறார்.

அள்ளும்போது அவர் கை அவசரமே காட்டவில்லை. தோல் கீறிய மீன் ஒன்று கண்ணில் பட்டதும் அதை உடனே தனியே எடுத்துவிட்டார். இதற்குரிய காரணத்தை விஞ்ஞானம் அறிந்திருக்கிறது. தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், 1938-லேயே இச்சிறுமீன்களைப் பற்றி ஓர் உண்மையை வெளியிட்டார்: காயமுற்ற மீனின் தோலிலிருந்து ஒருவகைப் பொருள் நீரில் கசிய, அதை உணர்ந்த மற்ற மீன்கள் அபாயம் நேர்ந்ததென அஞ்சிச் சிதறுகின்றன. ஃபாட்ஹெட்டுக்கும் இந்த இயல்பு உண்டு. ஓடி ஒளிய இடமில்லாத வாளியில் இந்தப் பீதி, இருக்கும் பிராணவாயுவையும் வீணே செலவழிக்கச் செய்கிறது. அம்மையார் அந்த ஆராய்ச்சியைப் படித்தவரல்லர். "ஒன்று கெட்டால் வாளியே கெடும்" என்பது அவர் அனுபவத்தில் கண்ட சூத்திரம்.

வெயில் ஏறியபின், ஏரியில் வழிகாட்டியாகத் தொழில் செய்யும் இளைஞர் ஒருவரோடு பனியின்மேல் சென்றேன். வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. குடிலுக்குள் ஒரு மூலையில் வாயு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நச்சுப்புகை தேங்காதபடி மேலே சிறு காற்றுவழி திறந்திருந்தது. இரை வாளியை அவர் அடுப்புக்கு எட்ட இருந்த மூலையில், ஒரு மரப்பலகையின்மேல் வைத்தார். வெறும் பனியில் வைத்தால் அடியிலிருந்து உறையத் தொடங்கும். அடுப்பருகே வைத்தால் வெந்நீராகும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தைத் தேர்வதில்தான் அவருடைய நிதானம் இருக்கிறது. பையை உடனே அவிழ்த்துக் கொட்டாமல் வாளிநீரில் மிதக்கவிட்டு, இரண்டும் ஒரே குளிர்ச்சி அடைந்தபின் அவிழ்த்தார். பின்னர், துளையிலிருந்து ஒரு குவளை நீர் மொண்டு வாளியில் ஊற்றுவதும், சிறிது நேரம் கழித்து இன்னொரு குவளை ஊற்றுவதுமாக, இறங்கப் போகும் ஏரியின் குளிருக்கு மீன்களைப் பழக்கினார்.

காற்றூதும் சிறு யந்திரம் ஒன்றும் அவரிடம் இருந்தது. அதை மிக அரிதாகவே இயக்கினார். குளிரில் பாட்டரியின் சக்தி குன்றிவிடும். குழாயிலுள்ள ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். வெளிக்காற்றை இழுத்து ஊதினால் வாளிநீரே பனிக்கூழாகிவிடும். குளிர்ந்த நீரில் அளவாக மீன் விட்டிருந்தால் யந்திரம் வேண்டியதே இல்லையென்றும், மேலே படரும் பனியாடையை அவ்வப்போது கரண்டியால் உடைத்து நீரைக் கலக்கிவிட்டாலே போதுமென்றும் அவர் சொன்னார். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் மூச்சுக்குத் தவிக்கின்றன என்று பொருள். நீரின்மேல் நுரை நின்றால் கழிவு மிகுந்துவிட்டதென்று பொருள். இந்த அடையாளங்களைக் கண்டதும் பாதி நீரை மாற்றுவார்.

அவர் இரையைக் கோத்த விதத்தை மிக அருகிலிருந்து கவனித்தேன். கையுறையைக் கழற்றி, விரல்களை முதலில் வாளிநீரிலேயே நனைத்துக் குளிரவைத்துக்கொண்டார். உலர்ந்த, வெதுவெதுப்பான விரல் மீனின் மேலுள்ள வழவழப்பான காப்பைத் துடைத்துவிடும். மீனைக் கரண்டியோடு நீர்மட்டத்துக்கு உயர்த்தி, முதுகுத் துடுப்பின் பின்னே, முதுகெலும்பைத் தொடாமல், தோலையும் சிறிது தசையையும் மட்டும் முள்ளால் ஊடுருவி, மறுகணமே துளைக்குள் இறக்கினார். எலும்பில் முள் பட்டால் மீன் அசையும் சக்தியை இழந்துவிடும். குடிலுக்கு வெளியேயுள்ள துளைகளுக்கு இரை மாட்டும்போது இன்னும் அதிக விரைவு வேண்டும். அக்காற்றில் சில நொடிகள் பிடித்து நின்றாலும் ஈரமான செவுளும் துடுப்பின் நுனியும் உறையத் தொடங்கும்.

பெர்ச் முதலிய சிறு மீன்களுக்குப் புழுவே இரை. இளைஞர் தம் சட்டையின் உட்பையிலிருந்து, மரத்தூள் நிரப்பிய ஒரு சிறு டப்பியை எடுத்துக் காட்டினார். உள்ளே வெண்ணெய் நிறத்தில் கொழுத்த புழுக்கள் இருந்தன. அவை மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள். நம் நாட்டிலும் தேன்கூட்டில் புகுந்து அடையைத் தின்று பாழாக்கும் அதே பூச்சியினம். உறைந்தால் இப்புழு கறுத்து நைந்துவிடும். மிக வெப்பமான இடத்தில் வைத்தாலோ நூல் நூற்றுக் கூட்டுப்புழுவாக மாறிவிடும். ஆகவே வீட்டில் குளுமையான நிலவறையும், ஏரியில் உடலின் வெப்பம் சிறிதே எட்டும் சட்டைப்பையும் அதற்குரிய ஸ்தானங்கள். நீல ஈயின் புழுவுக்கோ உறைநிலையை அடுத்த குளிரே உகந்தது. அதன் டப்பி மேலங்கியின் வெளிப்பையில் இருந்தது. ஜீவனுக்கு ஜீவன் வேறுபடும் தேவையை அறிந்து, அததற்கு ஏற்ற இடம் தருவதே இந்த வித்தையின் அடிப்படை.

மாலையில் கரையேறுமுன் இளைஞர் செய்த காரியத்தை, அன்று கண்டவை எல்லாவற்றிலும் உயர்ந்ததாக மதிக்கிறேன். வாளிநீர் முழுவதையும் வடித்துவிட்டு, வீட்டிலிருந்து ஜாடியில் கொண்டுவந்திருந்த கிணற்றுநீரை ஊற்றி, எஞ்சிய மீன்களைக் காப்பாற்றினார். கெட்டுப்போனவற்றைப் பையில் கட்டிக் குப்பைக்கென எடுத்துக்கொண்டார். அவற்றை ஏரியில் எறிவது சட்டவிரோதம். கப்பல்களின் சமநிலைக்காக ஏற்றிவந்த நீரில் கடல் கடந்து, 1988-இல் அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் காணப்பட்ட வரிச்சிப்பி என்னும் ஜந்து, 2005-இல் மில் லாக்ஸிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் இளம் உயிரிகள் கண்ணுக்குப் புலப்படாதவை. மாபெரும் கப்பலின் நீர் எந்தத் தீங்கைச் செய்ததோ, அதே தீங்கை ஒரு சிறு வாளியின் நீரும் மற்றோர் ஏரிக்குச் செய்யக்கூடும். வாளியிலுள்ள மீனைக் காப்பவன் அந்த வாளிநீரைப் பற்றியும் பொறுப்புள்ளவன் என்பதை அந்நாட்டுச் சட்டம் வற்புறுத்துகிறது. அந்த இளைஞரோ, காண்பார் எவருமில்லாத இடத்திலும் அதை நியமமாக அனுஷ்டித்தார்.

முள்ளில் கோப்பதற்கென்றே ஓர் உயிரைப் பேணுவது முரணான காரியமென்று சிலர் கூறலாம். நான் அப்படி எண்ணவில்லை. உயிரைப் பயன்படுத்துகிறவன் அதை வீணாக்காமலிருக்கக் கடமைப்பட்டவன். மூச்சு முட்டிச் செத்து ஒருவருக்கும் உதவாமல் கொட்டப்படும் மீன்களே உண்மையில் கொடுமைக்கு ஆளானவை. அதனாலேதான் அந்த அம்மையார், நான்கு டஜன் கேட்டு வரும் புதியவரிடம், ஒரு பகலுக்கு இரண்டு டஜனே போதும் என்று எடுத்துச் சொல்லி, தம் லாபத்தைத் தாமே குறைத்துக்கொள்கிறார். பனியைப் பிளந்து பொறி தூக்கும் தமையனாரின் உழைப்பும், இரவெல்லாம் தொட்டியருகே விழித்திருக்கும் அம்மையாரின் உழைப்பும் அந்த இரண்டு டஜன் மீன்களில் அடங்கியிருக்கின்றன. வேண்டிய அளவே வாங்கி, வாங்கியதைக் கடைசிவரை உயிரோடு வைத்திருப்பதே அவ்வுழைப்புக்கு ஒரு தூண்டிற்காரன் செலுத்தக்கூடிய மரியாதை.