கோவூரில் எடுத்த படம்

"அது கோவூர்ல எடுத்த படம்டா." தியாகராஜர் ஆராதனை வரும்போதெல்லாம் அத்தை இதைச் சொல்வார். பூந்தமல்லியில் அப்பா நடத்திய ஸ்டுடியோவில் காசு மேஜைக்கு மேலே தொங்கிய தியாகராஜர் படத்தைத்தான் சொல்கிறார். கடையை மூடிய பிறகு அது அம்பத்தூர் ஒரகடத்தில் அத்தை வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கறுப்பு வெள்ளைப் படம். பழுப்பேறி வெளுத்துப்போய், முகமும் தம்புராத் தண்டும்தான் தெளிவாகத் தெரிகின்றன. மற்றதெல்லாம் கறை.

அப்பா பகலில் போட்டோ எடுத்தார், சாயங்காலம் பஜனையில் வயலின் வாசித்தார். இரண்டுமே என் கைக்கு வந்துவிட்டன. முகூர்த்த மாதங்களில் கேமராவும் மார்கழியில் பாட்டுமாக ஓடுகிறது என் பிழைப்பு. இந்த இரண்டு வேலையையும் செய்கிற ஒருவனால் அத்தை சொன்னதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. தியாகராஜருக்கு ஏது போட்டோ?

கோவூர் எங்களுக்குத் தூரமில்லை. போரூரிலிருந்து குன்றத்தூர் போகிற வழியில் இருக்கிறது. சுந்தரேச முதலியார் அழைத்து தியாகராஜர் அங்கே வந்ததும், தன் பேரில் பாடுவார் என்று காத்திருந்த முதலியாரை விட்டுவிட்டு அதே பெயருள்ள ஈசுவரன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியதாகச் சொல்வதும் இந்தப் பக்கத்துப் பாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சஹானா, கரகரப்பிரியா, பந்துவராளி, கல்யாணி, சங்கராபரணம். அப்பா கல்யாணியை வாசிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

முதலில் ஆண்டுகளைப் பிடித்துக்கொண்டு தேடினேன். தாகேரின் புகைப்பட முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டது 1839-இல். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரியில். ஆக, அந்த மனிதரும் கேமராவும் ஒரே உலகத்தில் சேர்ந்து இருந்த காலம் எட்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. இந்த எட்டு ஆண்டு என்னை விடவில்லை. கப்பலில் ஏறி ஒரு கேமரா சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருக்காதா, யாராவது ஒரு வெள்ளைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு திருவையாறு வரை போயிருக்க மாட்டாரா என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியதே 1856-இல்தான். கம்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் டிரைப் தஞ்சாவூரைப் படம் எடுத்தது 1858-இல். பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார். திருவையாறு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் பதினோரு ஆண்டு தாமதம்.

முன்னமே வந்திருந்தாலும் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்தேன். டிரைப் கையாண்டது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். வெளிச்சத்துக்கு நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும். கல் அசையாமல் நிற்கும், பாடுகிறவர் நிற்பாரா? வாயும் தாளம் போடும் கையும் புகையாகப் பதிந்திருக்கும். வானம் வெறும் வெள்ளையாக விழுந்துவிடும் என்பதால், டிரைப் நெகட்டிவிலேயே வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்திருக்கிறார் என்று படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். அப்பா பென்சிலைச் சீவிச் சீவி அம்மைத் தழும்புகளை மறைத்த அதே டச்சிங் வேலை!

அத்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பல்லாம் நம்ம ஊருக்கு கேமராவே வரல அத்த."

"வந்துச்சோ வரலையோ. உங்கப்பன் ஸ்டாண்டத் தூக்கிக்கிட்டு கோவூர் போனான். நான் கூடப் போனேன். வெயில் ஏறங்கட்டும்னு ஒக்காந்தே இருந்தான்."

"அங்க யாரை எடுத்தார்?"

"யாரை எடுப்பான்? தியாகய்யரைத்தான்."

எத்தனை விதமாகக் கேட்டாலும் இதே பதில். இடையில் சாப்பாடு போட்டார், ஊர்க்கதை பேசினார், கேள்விக்குத் திரும்பினால் மறுபடியும் தியாகய்யர். என் அத்தை கண்ணால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்கிறவர் இல்லை. அதனால் ஆண்டுகளை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

கூடத்தில் தொங்குவது ஓர் ஓவியத்தின் நகல் என்பதில் சந்தேகமில்லை. வரைந்தவர் எஸ். ராஜம். சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் இன்று நம் மனத்தில் எழுகிற முகங்களை வரைந்தவர் அவர். 1919-இல் பிறந்து 2010-இல் மறைந்த ராஜத்தின் பாட்டை நான் நெடுநாளாகக் கேட்டு வருகிறேன். அம்பி தீட்சிதரிடமும் பாபநாசம் சிவனிடமும் கற்றவர். கோடீசுவர ஐயரின் 72 மேளகர்த்தாக் கீர்த்தனைகளை நம் காதில் ஏற்றியவர். சென்னை ஓவியப் பள்ளியில், தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் காலத்தில் படித்தவர். அஜந்தாக் கோடுகளில் ஊறிய கை. இதெல்லாம் தெரிந்ததுதான். தெரியாத ஒன்று, பாபநாசம் சிவன் இசையமைத்த முதல் படத்தைப் பற்றி வேறு எதற்கோ படித்தபோது வந்து விழுந்தது.

1934-இல் பிரபாத் கம்பெனி எடுத்த 'சீதா கல்யாணம்'. அதில் ராமனாக நடித்த பதினைந்து வயதுப் பையன் ராஜம்! சீதை அவருடைய தங்கை ஜெயலட்சுமி. ஜனகர் அவருடைய அப்பா சுந்தரம் ஐயர். வாத்தியம் வாசிக்கிற ஏழு வயதுத் தம்பி பாலசந்தர், பின்னாளில் வீணை பாலசந்தர் ஆகி, பாட்டே இல்லாத 'அந்த நாள்' படத்தை 1954-இல் இயக்கியவர். மயிலாப்பூரில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஒருவர் தூரிகை எடுத்தார், ஒருவர் கேமராவுக்குப் பின்னால் போனார், இருவரும் பாட்டை விடவில்லை.

ராமனாக வேஷம் கட்டி விளக்குகளுக்கு முன்னால் நின்ற பையன், வளர்ந்து, ராமனையே பாடிப் பாடிக் கிடந்த ஒருவருக்கு முகம் கொடுத்திருக்கிறான். இதைப் படித்த பிறகு என்னால் அந்த ஓவியத்தைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. கச்சேரியில் பாடகரைப் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். வாய் திறந்திருந்தால் முகம் கோணும், மூடியிருந்தால் பாட்டு நின்றுவிடும். "மூச்சு இழுக்கும்போது எடுக்காதே, கார்வை முடிஞ்சு முகம் அடங்கும் பாரு, அப்ப அழுத்து" என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். ராஜத்தின் தியாகராஜர் முகத்தில் இருப்பது அந்தக் கணம். பாடிப் பழகாத ஓவியர் ஒருவருக்கு அது வசப்பட்டிருக்காது என்பது என் திடமான எண்ணம். நாம் கும்பிடும் அந்த முகம் ஒரு பாடகர் தன் தொண்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

பிறகுதான் அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். துணிகளுக்கு அடியில் ஓர் இல்ஃபோர்டு அட்டைப்பெட்டி, உள்ளே பட்டர் பேப்பரில் சுற்றிய ஷீட் நெகட்டிவ்கள். ஒன்றில் தியாகராஜர். காலண்டர் தாளிலிருந்து எடுத்த காப்பி நெகட்டிவ். உருவத்தைச் சுற்றிலும் வெளிச்சம் புகாத சிவப்பு ஓபேக் மை, முடி இழை கூடத் தப்பாமல் பூசியிருந்தது. இன்னொன்றில் கோவூர்க் கோபுரம், சாயங்கால வெயிலில். இரண்டையும் ஸ்கேன் செய்து பாசிட்டிவாக மாற்றி, கணினித் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். கோபுரம் சரியாகத் தம்புராவுக்குப் பின்னால் போய் நின்றது.

கூடத்துப் படத்தில் நான் கறை என்று பார்த்து வந்தது அந்தக் கோபுரம்தான். அப்பா அதைப் போய் எடுத்துவந்து, இருட்டறையில் பாடகருக்குப் பின்னால் நிறுத்தி ஒரே படமாக அச்சிட்டிருக்கிறார். வெயில் இறங்கக் காத்திருந்ததற்கும் காரணம் புரிந்தது. ஓவியத்தில் முகத்தின் வலப்பக்கம் வெளிச்சம் விழுகிறது. கோபுரத்திலும் அதே பக்கம் வெளிச்சம் வேண்டும் அல்லவா?

அத்தையிடம் திரையில் காட்டினேன். பார்த்துவிட்டு, "நான் என்ன சொன்னேன்?" என்றார். எதற்காக இப்படிச் செய்தார் என்று கேட்டதற்கு, "அந்தக் கல்யாணிய அவன் அங்கதான வாசிப்பான். சாமி பின்னால இல்லாம பாடறவர மட்டும் மாட்டி வெச்சா நல்லாருக்குமான்னு கேட்டான்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

கேமராவை எடுத்துக்கொண்டு கோவூர் போனேன். நெகட்டிவில் கோபுரத்துக்கு முன்னால் மின்கம்பிகள் ஓடிய இடங்களை அப்பா பென்சிலால் அடைத்திருக்கிறார். இப்போது கம்பிகள் அதிகம். கல்யாணியைப் பாடிவிட்டு வெளியே வந்து எடுத்தேன், கம்பிகளோடு. ஆனால் பிரேமுக்குக் கொடுத்தது அப்பாவின் நெகட்டிவ்களிலிருந்து புதிதாகப் போட்ட பிரதியை. பூந்தமல்லிக் கடைக்காரரிடம் கீழே நான்கு விரற்கடை வெள்ளை விடச் சொல்லியிருக்கிறேன். எத்தனையோ வீடுகளில் இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன், வரைந்தவர் பெயர் இருந்த படம் என் கண்ணில் பட்டதில்லை. அந்த வெள்ளையில் 'ஓவியம்: எஸ். ராஜம்' என்று எழுதி, அதற்குக் கீழே கோபுரத்துக்கு அப்பாவின் பெயரைப் போடப் போகிறேன்.