மறதியா, காது மந்தமா?

திண்டிவனத்தில் தனியாக இருந்த என் மாமியாரைச் சென்ற வருஷம் விழுப்புரத்துக்கு அழைத்து வந்தோம். வயது 74. ஒரு நாள், "அத்தை, மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் தீய்ந்த நாற்றம்! கூடத்தில் கீரை ஆய்ந்து கொண்டிருந்த அத்தையோ, "விசிலே வரலையேம்மா" என்றார்.

"பால் வந்துச்சா?" என்றால், "கால் இப்போ தேவலாம்மா" என்பார். அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறதோ என்று என் கணவர் கலங்கினார். நானோ அலுத்துப் போய், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று பேச்சையே குறைத்துக் கொண்டேன். அத்தையும் மூலையில் ஒதுங்கிவிட்டார்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் காட்டினோம். டாக்டர் முதலில் காது அழுக்கை எடுத்தார். பிறகு பரிசோதித்ததில் இரண்டு காதும் மந்தம் என்று தெரிந்தது. வயதானால் விசில், குழந்தைக் குரல் போன்ற கீச்சு ஒலிகள்தாம் முதலில் கேட்காமல் போகுமாம். பாதி கேட்டதை ஊகிக்கவே மூளை களைத்துவிடும். நினைவில் வைக்கத் தெம்பிருக்காது. பேச்சுத்துணை போனால் மூளைக்கு வேலையும் குறையும்.

'லான்செட்' மருத்துவ இதழின் குழு 2024-ல், மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் டிமென்ஷியா என்னும் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. அதில் காது மந்தமும் ஒன்று. அமெரிக்காவில் 977 முதியோரிடம் மூன்று வருஷம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் காது கருவியால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கனவே ஆபத்து அதிகமிருந்தவர்களிடம், அறிவுத்திறன் மங்குவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

கருவி வந்த முதல் வாரம், "ஒரே இரைச்சல்டியம்மா" என்று அத்தை அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். தினம் ஒரு மணி, இரண்டு மணி என்று மெல்லப் பழக்கினோம். கருவி விலை அதிகமே என்று தயங்காதீர்கள்; தகுதியுள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகவே கிடைக்கிறது.

மறதி அடியோடு போய்விடவில்லை. மூக்குக் கண்ணாடியை இன்னும் தேடுகிறார். ஆனால் பேத்தியிடம் திண்டிவனத்துக் கதையெல்லாம் சொல்கிறார். நேற்று நான் மாடியில் துணி உலர்த்தும்போது, "மூணாச்சு, அணைச்சிட்டேன்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர் "என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எதிரே நின்று, முகம் பார்த்து, இன்னொரு தரம் சொல்லுங்கள். அப்படியே காதையும் ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.