அப்பா குடித்த பச்சை முட்டை

1) இதை எழுதலாமா வேண்டாமான்னு மூணு மாசமா யோசிச்சேன். கடைசியில் அப்பாவிடமே கேட்டேன். "எழுதுடா, நாலு பேருக்கு உதவட்டும்"னு சொல்லிட்டார். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2) அப்பாவுக்கு 71 வயசு. நாமக்கல் பக்கம் கிராமம். விடிகாலையில் எழுந்ததும் வீட்டுக் கோழி இட்ட முட்டை ஒன்றை உடைத்து, மிளகுத்தூள் தூவி, அப்படியே குடித்துவிடுவார். கபடி ஆடிய காலத்துப் பழக்கம். நான் டாக்டரான பிறகு ரெண்டொரு தடவை "வேண்டாம்ப்பா" என்றிருக்கிறேன். "நாப்பது வருசமா குடிக்கிறேன், எனக்கு என்னடா ஆயிடுச்சு?" என்பார். நானும் விட்டுவிடுவேன்.

3) ஒரு புதன்கிழமை ராத்திரி 11 மணிக்கு அம்மா போன் பண்ணினார். "அப்பாவுக்கு சாயங்காலத்துல இருந்து வயித்தால போகுது, குளிர் வேற தூக்கிப் போடுது." ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடுங்க, காலையில வர்றேன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். ஆமாம், டாக்டர் மகன்தான் அப்படிச் சொன்னேன்.

4) காலையில் போய்ப் பார்த்தபோது அப்பா என்னை என் சித்தப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டார். நாக்கு வறண்டு கிடந்தது. ரத்த அழுத்தம் 80-க்கு இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிரியேட்டினின் ஏறியிருந்தது. மூன்றாம் நாள் ரத்த கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது: சால்மோனெல்லா. குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போயிருந்தது. ஒன்பது நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார்.

5) அந்த முட்டையில் இருந்துதான் வந்தது என்று ஆய்வகத்தில் நிரூபிக்க முடியாது. குடித்த முட்டையை எங்கே போய்த் தேடுவது? ஆனால் அந்த வாரம் வீட்டில் எல்லோரும் ஒரே சாப்பாடுதான். அப்பா மட்டும் தனியாகச் சாப்பிட்டது பச்சை முட்டை ஒன்றுதான்.

6) சால்மோனெல்லா என்பது கோழி, மாடு, பல்லி, ஆமை எனப் பல உயிர்களின் குடலில் வாழும் பாக்டீரியா. டைஃபாய்டு கிருமியும் இந்தக் குடும்பம்தான், ஆனால் அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டும் பரவுவது. முட்டை வழியாக வருவது வேறு வகை. சாப்பிட்ட 6 மணி நேரத்தில் இருந்து 6 நாளுக்குள் காய்ச்சல், வயிற்று வலி, வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும்.

7) முட்டைக்குள் எப்படிப் போகிறது? ரெண்டு வழி. ஒன்று, கோழி எச்சம் ஓட்டில் பட்டு, ஓட்டில் இருக்கும் நுண்துளை வழியாக உள்ளே போவது. இன்னொன்று, கோழியின் சினைப்பையிலேயே கிருமி இருந்து, ஓடு உருவாகும் முன்பே உள்ளே போய்விடுவது. கோழி பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருக்கும். முட்டையும் நாறாது, நிறம் மாறாது.

8) "தண்ணில போட்டா மூழ்குது, நல்ல முட்டைதான்" என்பீர்கள். அது முட்டை பழசா புதுசான்னு மட்டும்தான் சொல்லும். "நாட்டுக்கோழி முட்டை சார்" என்பீர்கள். எங்க வீட்டுக் கோழியும் நாட்டுக்கோழிதான்.

9) சரி, நாற்பது வருசம் ஒண்ணும் ஆகாத மனுசனுக்கு இப்போ மட்டும் ஏன்? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. பெரும்பாலான முட்டைகளில் கிருமி இருக்காது. இருந்தாலும் வயிற்று அமிலம் நிறையக் கிருமிகளைக் கொன்றுவிடும். ஆனால் அப்பாவுக்கு இப்போ சர்க்கரை இருக்கிறது. வயசாகிவிட்டது. அதோடு ஆறு மாசமாக நெஞ்செரிச்சலுக்கு தினமும் காலையில் ஒரு மாத்திரை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. எழுதிக்கொடுத்தது நான்தான்.

10) மாத்திரையில் தப்பில்லை, அவருக்கு அது தேவைப்பட்டது. ஆனால் வாசலில் நின்ற காவலாளியை அனுப்பிவிட்டு, பச்சை முட்டையை நிறுத்தச் சொல்லாமல் விட்டது என் தப்பு. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இந்த மாத்திரை சாப்பிடுகிறார்களா? தயவுசெய்து இன்றே கேளுங்கள்.

11) இன்னொரு விஷயம். பச்சையாகக் குடித்தால் பலம் அதிகம் என்பதே தவறு. 1998-இல் பெல்ஜியத்தில் செய்த ஓர் ஆய்வில், வெந்த முட்டையின் புரதம் சுமார் 90 சதவீதமும் பச்சை முட்டையின் புரதம் சுமார் 50 சதவீதமும்தான் உடலில் சேர்ந்தது. ஜிம் போகும் தம்பிகளே, பாதிப் புரதத்தை வீணாக்குகிறீர்கள்.

12) அடுத்து மயோனைஸ். ஒருத்தர் ஒரு பச்சை முட்டை குடித்தால் ஆபத்து ஒருத்தருக்கு. முப்பது முட்டையை உடைத்து ஒன்றாக அடிக்கும்போது, அதில் ஒன்றில் கிருமி இருந்தாலும் மொத்தப் பாத்திரத்துக்கும் பரவும். வெயிலில் நாள் முழுக்க வெளியே இருந்தால்? வசதியான சூழலில் இந்தக் கிருமி சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று, ஏழு மணி நேரத்தில் 20 லட்சம். அதனால்தான் பச்சை முட்டை மயோனைஸை 2023 ஜனவரியில் கேரளமும், 2024 அக்டோபரில் தெலங்கானாவும் தடை செய்தன. தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது.

13) "அப்போ ஆஃப் பாயில், கலக்கி?" வரும்னு தெரியும். 71 டிகிரி செல்சியஸ் சூடு முழுசாக ஏறினால் கிருமி செத்துவிடும். மஞ்சள் கரு ஓடுகிறது என்றால் அவ்வளவு சூடு ஏறவில்லை. ஆரோக்கியமான பெரியவர்கள் ஆபத்தைத் தெரிந்துகொண்டு சாப்பிடுவது அவரவர் முடிவு. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், கீமோ எடுப்பவர்கள்: உங்களுக்கு ஃபுல் பாயில்தான்.

14) வீட்டில் செய்ய வேண்டியது:
• விரிசல் விட்ட முட்டை வேண்டாம்.
• வாங்கி வந்ததும் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டின் மேல் இருக்கும் இயற்கைப் பூச்சு போய்விடும். அழுக்கை உலர்ந்த துணியால் துடையுங்கள்.
• ஃபிரிட்ஜில் வையுங்கள், கதவில் வேண்டாம், உள்தட்டில்.
• முட்டை உடைத்த கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை.
• கேக் மாவு கரைத்த கரண்டியைக் குழந்தைக்கு நக்கக் கொடுக்காதீர்கள்.

15) வந்துவிட்டால்? ஓ.ஆர்.எஸ். தான் முதல் மருந்து. ஆரோக்கியமான பெரும்பாலானோருக்கு ஒரு வாரத்துக்குள் தானாகச் சரியாகும், ஆன்டிபயாடிக் தேவைப்படாது. காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் குறைவது, மயக்கம், பேச்சுக் குழறல், இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் "காலையில பாத்துக்கலாம்" கூடாது. அதைச் சொன்னவன் எழுதுகிறேன்.

16) இதைப் படித்துவிட்டு முட்டையே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிடாதீர்கள். 1988-இல் பிரிட்டனில் எட்வினா கரி என்ற சுகாதாரத் துறை இணையமைச்சர், நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சால்மோனெல்லா இருப்பதாகச் சொல்லிவிட்டார். முட்டை விற்பனை சரிந்தது, இரண்டு வாரத்தில் அவர் பதவியும் போனது. பிறகு கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள், பண்ணைகளைக் கண்காணித்தார்கள். 2017-இல், அந்தத் திட்டத்தின் முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர அமைப்பே சொன்னது. பண்ணையிலேயே சரிசெய்ய முடியும். நம்மூரில் அந்த நாள் வரும்வரை நம் கையில் இருப்பது அடுப்பு. பள்ளிக்கூடத்தில் சத்துணவோடு நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் அவித்த முட்டைதானே?

17) அப்பா இப்போ நல்லா இருக்கார். தினமும் காலையில் அவித்த முட்டை, அதே மிளகுத்தூள். "சப்புனு இருக்குடா"ன்னு திட்டிக்கிட்டேதான் சாப்பிடுறார். திட்டட்டும். அந்தக் காலையில் என் பேரை மறந்த மனுசன், இப்போ என் பேரைச் சொல்லித் திட்டுறார். எனக்கு அது போதும்.

உங்க வீட்லயும் பச்சை முட்டை குடிக்கிற பெரியவர் இருந்தா, இதைப் படிச்சுக் காட்டுங்க.